ராக்காயிக்குப் பதில் சொன்ன குரல்

ஈப்போ,
8 ஆகஸ்டு 1926, ஞாயிறு

அன்புள்ள நவமணி,

இல்லை, கோபம் இல்லை. உன் இரண்டு கடிதங்களும் பிரிக்கப்படாமல் என் மேசையில் கிடந்ததை நேற்று நீ பார்த்தாய். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. ரயிலடியில்தான் கோபமா என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

பதில் இதுதான். காலையில் பள்ளிக்கூடம். அது பிழைப்பு. மூன்று மணிக்குக் கதவைச் சாத்துகிறேன். ஆறு மணிக்குத் திறக்கிறேன். இடையில் யார் தட்டினாலும் திறப்பதில்லை. வியாழன் மாலை என் தொடர்கதையின் அந்த வாரத்து அத்தியாயத்தைக் கொண்டுபோய்ப் பத்திரிகை ஆசிரியர் ஜெயபாலனிடம் கொடுக்கிறேன். வெள்ளி அச்சு, சனி வெளியீடு. அத்தியாயம் கைவிட்டுப் போகும்வரை எந்தக் கடிதத்தையும் பிரிப்பதில்லை. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒன்றுபோலவே வாக்கியத்தைக் கெடுத்துவிடுகின்றன. உன் கடிதம் மற்றவற்றைவிட அதிகமாகக் கெடுக்கும். அதனால்தான் அதுவும் கிடக்கிறது. இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை.

வீட்டுக்கார அம்மா குழந்தையம்மாள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "அது உள்ள ஒக்காந்து யாரையோ கொன்னுக்கிட்டு இருக்கு. ஆறு மணிக்கு வந்து சோறு கேக்கும்." இதுவரை மூன்று பேரைக் கொன்றிருக்கிறேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் எனக்குக் கதவு இல்லை. நீ பீடோரிலிருந்து வருகிறாய். காய்கறிப் பாசார் ஓரத்துச் சீனர் கடையில் ஒரு கோப்பி வாங்குகிறோம். கோப்பை எனக்கு, தட்டில் ஊற்றியது உனக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. நேற்று நீ உங்கள் தோட்டத்துச் செல்லாயியாக மாறி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ராக்காயியின் பெயருக்குப் பதில் சொல்லி நடித்தபோது கடைக்காரரும் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு விலா வலித்தது. இன்றும் வலிக்கிறது.

இரவு அது சிரிப்பாக இல்லை. விடியற்காலை இருட்டில் நின்று, பெயர் கூப்பிடும்போது வராத ஒருத்திக்காக இன்னொருத்தி பதில் சொல்கிறாள். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்
ஹில்டா

*

பீடோர்,
16 ஆகஸ்டு 1926

என் ஹில்டாவுக்கு,

சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் அவரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் வியாழக்கிழமைதான் உனக்கே தெரியும்.

சரி தாயே, மூன்றிலிருந்து ஆறுவரை நீ யாருக்கும் சிநேகிதி இல்லை. ஒத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், என் வீட்டுக்காரர், தோட்டத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரசர் ஸ்டானிஸ்லாஸ் அவர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் மருந்து வாடையோடு மூலையில் உட்கார்ந்து பேசமாட்டார். எனக்கென்று வாய்த்தவர்கள் எல்லாரும் இப்படி. நான் சுவரோடு பேசிப் பழகிவிட்டேன். சுவர் நன்றாகக் கேட்கிறது.

உன் கதைக்கு இங்கே என்ன மரியாதை தெரியுமா? இந்த ரப்பர்த் தோட்டத்துக்கே ஒரே பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு முன்னால் கணக்கெழுதும் கிராணி ஆம்புரோஸ் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து உரக்க வாசிப்பார். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு சுற்றி உட்காருவார்கள். நேற்று உன் ஐந்தாம் அத்தியாயம். அந்தப் பெண் வாசலிலேயே நிற்கிறாளே, அதைக் கேட்டுக் கருப்பம்மாள் மூக்கைச் சிந்தினாள். செல்லாயி என்னிடம் வந்து சொன்னாள்:

"அக்கா, ஒங்க கூட்டாளி நல்லாத்தான் எழுதுது. ஆனா அந்தக் கதையில ஒருத்தராச்சும் சிரிக்கிறாங்களா? நாங்க இம்புட்டு கஷ்டத்துலயும் சுசாவுலயும் சிரிக்கிறோமே. அதுக்குக் கண்ணு தெரியலையா?"

நான் சொல்லவில்லை, அவள் சொன்னது.

ராக்காயிக்கு இன்னும் குளிர்க் காய்ச்சல் விடவில்லை. வேலைக்கு வராமல் படுத்துக்கிடப்பவர்களைத் துரை தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுகிறார். அதனால் விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டில் செல்லாயிதான் இரண்டு பேராக நிற்கிறாள். ராக்காயியின் நிரையில் உள்ள மரங்களை லயத்தார் பங்குபோட்டுப் பால் வெட்டிவிடுகிறார்கள். இவரும் அவள் பெயரை ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதாமல், நான் முந்தானையில் மறைத்துக் கொண்டுபோகும்படி கொயினா மருந்து கொடுக்கிறார். பேசாத மனுஷனுக்கும் மனசு இருக்கிறது.

வருகிற முதல் சனிக்கிழமை பயாஸ்கோப்புக்குப் போயே ஆக வேண்டும். நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

உன்
நவமணி

*

ஈப்போ,
27 ஆகஸ்டு 1926, வெள்ளி

அன்புள்ள நவமணி,

உன் கடிதத்தை நேற்று மாலைதான் பிரித்தேன். அதற்கு முந்திய வியாழன் அத்தியாயமே முடியவில்லை. ஜெயபாலன் அச்சுக்கூடத்திலிருந்து அனுப்பிய ஆள் நின்று வாங்கிக்கொண்டு போனான்.

செல்லாயி சொன்னது சரி. அவள் சொன்ன பிறகு ஆறு அத்தியாயங்களையும் திரும்பப் படித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சென்னைக் கல்லூரியில் இரண்டு வருடம் பிறர் எழுதிய துக்கத்தை வாசித்துவிட்டு வந்தேன். அதையே ரப்பர் பால் வடியும் கித்தாக் காட்டில் கொண்டுவந்து நட்டிருக்கிறேன். இங்கே ஐந்து மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். அங்கே படித்த புத்தகம் எதிலும் அப்படி ஒரு விடியல் இல்லை.

ஒரு காரியமாகக் கேட்கிறேன். செல்லாயி இரண்டாம் தடவை பதில் சொல்லும்போது அதே இடத்தில் நிற்பாளா, நகர்ந்துகொள்வாளா? முக்காடு எந்த மாதிரி? என்ன வார்த்தை சொல்வாள்? நீ நடித்தபோது சிரித்ததில் இதெல்லாம் மனதில் நிற்கவில்லை.

செப்டம்பர் நாலாம் தேதி வர வேண்டாம். எழுத்து ஓடுகிறது. ஒரு சனிக்கிழமை எழுதாமல் விட்டால் நின்றுவிடுமோ என்று பயம். பயாஸ்கோப் எங்கும் ஓடிவிடாது. அடுத்த மாதம் இரண்டு தடவையாகப் பார்ப்போம்.

உன்
ஹில்டா

*

பீடோர்,
31 ஆகஸ்டு 1926

ஹில்டா,

புதுச் சேலைக்கு ரவிக்கை தைத்து வைத்திருந்தேன். பரவாயில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

நீ கேட்டது. முதலில் முன் வரிசையில் நின்று தன் பெயருக்கு "இருக்கேன்" என்பாள், வெண்கலம் மாதிரி. பிறகு பின்னாலேயே நகர்ந்து கடைசி வரிசைக்குப் போவாள். ராக்காயியின் கிழிந்த பச்சை முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கி, இருமி, "வந்திருக்கேன் சாமி" என்பாள். அந்த இருமல்தான் சிரிப்பு. ஆம்புரோஸ் கிராணிக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெயர் வரும்போது மட்டும் விளக்கைக் கீழே பிடிப்பார்.

இதை எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒரு காரியமாக என்று எழுதியிருக்கிறாய். எந்தக் காரியம்? கதைக்கா?

கதைக்கென்றால் வேண்டாம் ஹில்டா. சிரித்துப் பேசினது சிரித்துப் பேசினதோடு போகட்டும். இங்கே அந்தப் பத்திரிகையைக் கேட்கிறவர்கள் யார் என்று உனக்கே எழுதியிருக்கிறேன். கங்காணி சன்னாசியும் பெஞ்சுக்குப் பின்னால் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்பான். ராக்காயி இன்னும் எழுந்திருக்கவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் வியாழக்கிழமைக்குக் காக்காமல் உடனே பிரி. உறையின் மேலேயும் அப்படியே எழுதுகிறேன்.

நவமணி

*

ஈப்போ,
3 செப்டம்பர் 1926, வெள்ளி, காலை

அன்புள்ள நவமணி,

உறையின் மேல் எழுதியிருந்ததைப் புதன்கிழமையே பார்த்தேன். பிரிக்கவில்லை. கதையின் முக்கியமான பக்கத்தில் இருந்தேன். நேற்று மாலை அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு வந்து பிரித்தேன்.

இப்போது மணி ஏழு. உச்சிப்பொழுதுக்குத்தான் அச்சு ஏறும். நடந்து போய்த் திரும்ப வாங்கிவிடலாம். போகவில்லை. யோசித்துத்தான் போகவில்லை. உனக்குப் பொய் எழுதக் கூடாது.

பெயரை மாற்றியிருக்கிறேன். செல்லாயி அங்கே முத்தம்மா. தோட்டம் ஜொகூர்ப் பக்கம். கிராணி, டிரசர் யாரும் வரவில்லை. முக்காடு மஞ்சள். இருமலை நானாகவே எழுதியிருந்தேன், நீ சொல்வதற்கு முன்னாலேயே. இத்தனை மாற்றிய பிறகு யாருக்கு என்ன தெரியும்?

இன்னொன்றும் சொல்கிறேன். நான் எழுதியதில் உயிர் உள்ள பக்கம் அது ஒன்றுதான். ஜெயபாலன் என் எதிரிலேயே படித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் திரும்ப வாங்கினால் என்னிடம் மிஞ்சுவது வாசலில் நிற்கும் அந்தப் பெண்தான்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார். செல்லாயி சிரிப்பாள்.

உன்
ஹில்டா

*

பீடோர்,
7 செப்டம்பர் 1926

ஹில்டா,

செல்லாயி சிரித்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆம்புரோஸ் வாசிக்கத் தொடங்கியதும் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். முத்தம்மா, ஜொகூர், மஞ்சள் முக்காடு. கொஞ்சம் மூச்சு வந்தது. "வந்திருக்கேன் சாமி" வந்த இடத்தில் அவர் குரலை அடைத்துக்கொண்டே வாசித்தார். இருமினார்கூட. சனம் குலுங்கிச் சிரித்தது. அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும். உன் கதைக்கு இதுவரை அப்படிச் சிரித்ததில்லை. செல்லாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஒரு பெருமை.

கருப்பம்மாள் அவள் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"அடியே செல்லாயி, ஒன்னைய பேப்பர்ல போட்டுட்டாங்கடி! இனிமே நீ பெரிய ஆளு."

அவ்வளவுதான். கெட்ட எண்ணம் இல்லை. சந்தோஷத்தில் சொன்னாள்.

சன்னாசி வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தான்.

"என்னா சொன்ன கருப்பம்மா? திருப்பிச் சொல்லு, கேப்போம்."

"ஒண்ணும் இல்லீங்க. சும்மா வெளையாட்டு."

"வெளையாட்டா? சரி. காலையில பெரட்டுல வெளையாடுவோம்."

மறுநாள் விடியற்காலை துரை தானே வந்து நின்றார். ஆம்புரோஸை விளக்கை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முகமாக. ராக்காயி பெயரைக் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. அவளை லயத்திலிருந்து பாயோடு தூக்கிவந்தார்கள். உச்சிக்குள் இரண்டு பேரும் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. செல்லாயி அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வழியாகத்தான் போனாள். நின்றாள்.

"அக்கா, அந்த அம்மாகிட்ட நீங்கதான் சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றாள். போய்விட்டாள்.

காய்ச்சல்காரி ஏன் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் இல்லை என்று துரை இவரைக் கேட்டார். இவருக்கு இந்த மாதம் வரைதான் வேலை. இவர் என்னைத் திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

நவமணி

*

ஈப்போ,
9 செப்டம்பர் 1926

நவமணி,

உன் கடிதத்தை வந்த கையோடு பிரித்தேன். இன்று வியாழன். அத்தியாயம் போகவில்லை. ஜெயபாலனுக்கு ஒன்றும் எழுதவில்லை.

துரையைப் போய்ப் பார்க்கிறேன். கதையெல்லாம் கற்பனை என்று சொல்கிறேன். பங்குச் சாமியாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கிறேன். செல்லாயியும் ராக்காயியும் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் எழுது. குழந்தையம்மாள் வீட்டுப் பின்கட்டில் இடம் இருக்கிறது. என் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். மூன்று மணிக்கும்.

ஒரு வரி எழுது. திட்டியே எழுது.

ஹில்டா

*

ஈப்போ,
17 அக்டோபர் 1926, ஞாயிறு

நவமணி,

இது நாலாவது கடிதம். இரண்டு திரும்பி வந்துவிட்டன. நீங்கள் வீடு மாறியதைத் தபால்காரர் மை கொண்டு எழுதியிருக்கிறார். இதை ஸ்டானிஸ்லாஸின் அண்ணன் வீட்டு விலாசத்துக்குப் போடுகிறேன். சேரட்டும்.

துரை என்னைப் பார்க்கவில்லை. பங்களா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பீடோரில் விசாரித்தேன். ஒரு சீனர் சாப்பாட்டுக் கடைப் பின்னால் தமிழ்ப் பெண் பாத்திரம் கழுவுகிறாள் என்றார்கள். போனேன். செல்லாயி என்று கடைக்காரர் கூப்பிட்டார். அவளேதான். என்னை முன்பின் பார்த்ததில்லை அல்லவா, யாரோ கடைக்கு வந்த அம்மா என்று நினைத்துச் சிரித்தாள். நான் யார் என்று சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை சீனர் கடைக்குப் போனேன். ஒரு கோப்பி வாங்கினேன். தட்டில் ஊற்றிப் பார்த்தேன். ஆறிப்போயிற்று.

மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். பிறகு தொடங்கிவிட்டேன். இதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த அத்தியாயத்தைப் புகழ்ந்து கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதம் வருகிறது. எல்லாருக்கும் அந்த இருமல் பிடித்திருக்கிறது.

ஹில்டா

*

பாகான் செராய்,
28 நவம்பர் 1926

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

இவருக்கு இங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை. வீடு வயலுக்கு எதிரில். நெல் பச்சையாக இருக்கிறது. தினமும் மழை. ராக்காயி போன மாதம் பீடோரிலேயே தவறிவிட்டாள். மழை விட்டால்தான் துணி காயும். இங்கே மீன் நன்றாகக் கிடைக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
நவமணி ஸ்டானிஸ்லாஸ்

*

ஈப்போ,
23 ஜனவரி 1927, ஞாயிறு

அன்புள்ள நவமணி,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்து ரயில் சரியாக ஓடத் தொடங்கியதும் முதலில் நினைத்தது உன் வீட்டைத்தான். முன்கூட்டி எழுதினால் வர வேண்டாம் என்பாய். அதனால் எழுதவில்லை. நேற்று நீ கதவைத் திறந்ததும் "வாங்க" என்றாய். பதினாறு வருடத்தில் நீ என்னை அப்படிச் சொன்னதில்லை.

கோப்பி இரண்டு கோப்பைகளில் வந்தது. தட்டுகளோடு. நல்ல கோப்பைகள், கல்யாணத்துக்கு வந்தவையாக இருக்கும். ஸ்டானிஸ்லாஸ் எங்களோடேயே உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போகவில்லை. பேசாத மனிதர் நேற்று நிறையப் பேசினார். நெல் விலை, வாய்க்கால், கொசு. எனக்குப் புரிந்தது. உனக்குப் பதிலாக அவர் பேசினார்.

ராக்காயியைப் பற்றிக் கேட்டேன். "ஆயுசு அவ்வளவுதான்" என்றாய். செல்லாயியைப் பற்றிக் கேட்டேன். "தெரியாது" என்றாய். உனக்குத் தெரியும்.

பிறகு பக்கத்து வீட்டு ராஜம்மா வந்தாளே. அவள் வீட்டுக்காரர் வெள்ளத்தில் கோழிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு மரத்தில் ஏறி, கோழியெல்லாம் நீந்தித் தப்பித்த பிறகு வெறும் கூண்டோடு பொழுது விடியும்வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். "எறங்கி வாங்கன்னா, வேற கூண்டு யாரு குடுப்பாங்கன்னு கேக்குறாரு அக்கா" என்றாள். நீ சிரிக்கத் தொடங்கினாய். உன் தோள் முதலில் குலுங்கும், சத்தம் பிறகு வரும். தோள் குலுங்கியது. அப்போது என்னைப் பார்த்தாய். நிறுத்திக்கொண்டாய். ராஜம்மாவிடம், "சரி, அப்பறம் பேசுவோம்" என்று எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். என்னுடையதில் இன்னும் பாதி இருந்தது.

மன்னிப்புக் கேட்க வந்தேன். வாயில் வைத்துக்கொண்டே திரும்பினேன். நான் எதைச் சொன்னாலும் அது எழுதிவைத்ததைப்போல உனக்குக் கேட்டிருக்கும்.

இனி வரமாட்டேன். எழுதினால் பதில் போடுவாய், சுகம் என்று, மழை என்று. அந்தச் சிரமத்தையும் உனக்குக் கொடுக்கமாட்டேன். புத்தகமாகப் போட ஜெயபாலன் கேட்கிறார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எடுக்கவில்லை. எடுத்தாலும் ராக்காயி வரப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையான காரணம் இல்லை என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று மட்டும். வேறொருவர் சொல்லி நீ அறிய வேண்டாம். நேற்று பாகான் செராயில் வண்டி ஏறியதும் சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். தைப்பிங் வருவதற்குள், நீ நிறுத்திய அந்தச் சிரிப்பை எழுதி முடித்தேன்.

ஹில்டா